சிரியா: புலம்பெயர்ந்தோரின் குரலும் பட்டா இல்லாதவர்களும்

போன மாதம் ஒரு வாசகர் வட்டத்தில் கவிதை வாசிக்கப் போயிருந்தேன். முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது ஓர் ஆய்வு மாணவர் பக்கத்தில் வந்தார். 'அண்ணே, 2018-ல எங்க காலேஜுக்கு வந்து சிரியா பத்திப் பேசினீங்க. ஜெயில்ல செத்தவங்க போட்டோவெல்லாம் அமெரிக்காக்காரன் ஜோடிச்சதுன்னு சொன்னீங்க. நான் அப்ப முதல் வருஷம். நம்பிட்டேன். இப்ப என்ன சொல்றீங்க?'

கையில் டீ இருந்தது. வாயில் பதில் இல்லை. 'எழுதறேன் தம்பி' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கு நான் வைத்திருக்கும் பாக்கி.

1

முதலில் அந்தப் போட்டோக்கள்.

சிரிய ராணுவப் போலீசில் போட்டோ எடுப்பவராக ஒருவர் வேலை பார்த்தார். உளவுத்துறைக் கொட்டடிகளில் செத்தவர்களை ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். பிணத்தின்மேல் எண்களை எழுதியோ ஒட்டியோ வைத்திருப்பார்கள். அதைப் படம் பிடித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் உத்தியோகம். 2013-ல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு நாட்டைவிட்டுத் தப்பினார். 'சீசர்' என்ற பொய்ப்பெயரில் 2014 ஜூலை 31 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து சாட்சி சொன்னார். நீலச் சட்டையின் தொப்பிக்குள் முகத்தை ஒளித்துவைத்திருந்தார். 2025 பிப்ரவரியில்தான் முகத்தைக் காட்டிப் பெயரைச் சொன்னார்: ஃபரீத் அல் மத்ஹான்.

2015-லேயே ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு படத்தில் இருந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய் விசாரித்து, படங்கள் உண்மை என்று எழுதிவிட்டது. நான் மேடையில் பேசியது 2018-ல். தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் இருந்தது. நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

ஏன்? நம்மிடம் ஒரு வாய்ப்பாடு இருந்தது. அமெரிக்கா யாரை எதிர்க்கிறதோ அவன் நம்மாள். 2003-ல் ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறதென்று புளுகிப் படையெடுத்தவர்கள் சொல்வதை எப்படி நம்புவது? கேள்வி சரிதான். ஆனால் ஒரு புளுகைக் கண்டுபிடித்தவன் அதற்குப்பிறகு எதையும் படிக்கவே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பெயர் ஏகாதிபத்திய எதிர்ப்பா? சோம்பேறித்தனம். தரா என்ற ஊரில் 2011-ல் பள்ளிக்கூடச் சுவரில் ஆட்சிக்கு எதிராக எழுதிய பையன்களைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்தார்கள். ஊர் கொதித்தது. நாடு கொதித்தது. அந்தப் பையன்களுக்கு எந்த உளவு நிறுவனம் சம்பளம் கொடுத்தது என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இன்னொன்று. நான் நாள் முழுக்க எண்களோடு வேலை செய்கிறவன். அந்தப் பிணங்களின்மேல் இருந்தவை மூன்று எண்கள்: கைதி எண், அவரை அடைத்துவைத்திருந்த உளவுப் பிரிவின் எண், பிணத்தைப் பார்த்த டாக்டர் போட்ட எண். கொலையை லெட்ஜரில் ஏற்றியிருக்கிறார்கள். மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டவேண்டிய அரசாங்கத்தின் கையெழுத்து அது. ஒரு பேங்க் கிளார்க்குக்கு இது பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்க வேண்டும்.

2

அந்தப் படங்களை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? அமெரிக்காவில் குடியேறிய சிரியர்கள். 2005-ல் தொடங்கிய சிரிய அமெரிக்கக் கவுன்சில், 2011-ல் உருவான சிரிய அவசரப் பணிக்குழு போன்ற அமைப்புகள். 'லாபி' என்றால் நம்ம காதுக்குக் கெட்ட வார்த்தை. இவர்கள் செய்ததைப் பார்த்தால் நாம் தாலுகா ஆபீஸ் வாசலில் செய்வதுதான்: மனு கொடுப்பது, காத்திருப்பது, படத்தைக் காட்டுவது, மறுபடியும் மனு கொடுப்பது. ஒரே வித்தியாசம், அவர்களால் காரில் போக முடிந்தது, கதவு திறந்தது.

சாட்சி சொல்லி ஐந்து வருடம் கழித்து, ராணுவச் செலவு மசோதாவுக்குள் சொருகி, 2019 டிசம்பர் 20 அன்று 'சீசர் சட்டம்' கையெழுத்தானது. 2020 ஜூன் 17-லிருந்து அமல். எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் சரி, அசத் அரசோடு கட்டுமானத்திலோ எண்ணெய்த் துறையிலோ பெரிய வியாபாரம் செய்தால் அமெரிக்கா அதன்மேல் தடை போடும். கொன்றவன் கையிலேயே கட்டுகிற காண்டிராக்டையும் கொடுக்காதே என்பதுதான் உள்ளே இருந்த நியாயம். அந்த நியாயத்தை நான் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தடை என்பது கவுண்டரில் எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு பாத்திமா அம்மா தினமும் வந்து நின்றார். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய பணம் வரவில்லை. மகன் பெயரில் பாதி, ஏதோ ஒரு தடைப் பட்டியலில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போனதாம். பட்டியலைப் போட்டவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. பதினோரு நாள். அந்தம்மா என்னைத்தான் திட்டினார். பிடித்துவைக்கும்படி எந்தச் சட்டமும் எங்களிடம் சொல்லவில்லை. விட்டுவிட்டு மாட்டிக்கொள்வதைவிடப் பிடித்துவைப்பது பாதுகாப்பு என்று மேலே இருப்பவர்கள் நினைத்தார்கள். அவ்வளவுதான்.

ஒரு பெயரின் பாதிக்கே இந்தக் கதி என்றால் ஒரு நாடே பட்டியலில் இருந்தால்? உணவுக்கும் மருந்துக்கும் சட்டத்தில் விலக்கு இருந்தது. காகிதத்தில் இருந்தது. பணத்தை மாற்றிவிட பேங்க் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கருவிக்கு உதிரி பாகம் விற்க ஆள் கிடைக்கவில்லை. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்துக்கு மூன்று நாள் கழித்து அமெரிக்க நிதித்துறை 180 நாளைக்குத் தனி விலக்கு கொடுத்தது. ஏற்கனவே இருந்த விலக்கு போதுமானதாக இருந்திருந்தால் இது எதற்கு? ஒப்புதல் வாக்குமூலம் இதைவிடத் தெளிவாக இருக்குமா?

சிரியப் பவுண்டு போருக்கு முன் டாலருக்கு 50-க்கும் கீழே இருந்தது. 2024 முடிவில் ஆயிரக்கணக்கில் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் தடைதான் காரணம் என்கிறவர் பொய் சொல்கிறார். 2019-ல் லெபனான் பேங்குகள் கவிழ்ந்து சிரியர்களின் சேமிப்பையும் விழுங்கின. அசத் குடும்பமே நாட்டைச் சுரண்டித் தின்றது. ரஷ்ய விமானங்கள் ஆஸ்பத்திரிமேல் குண்டு போட்டன. தடை காரணமே இல்லை என்கிறவரும் பொய்தான் சொல்கிறார். கேட்டவர்கள் மிச்சிகனில் இருந்தார்கள். ரொட்டிக் கடை வரிசையில் நின்றவள் ஹோம்ஸில் இருந்தாள். அவள் அவர்களுக்குச் சித்தியாகவோ அத்தையாகவோ இருந்திருக்கலாம். அவளுக்கு அவர்கள் பணமும் அனுப்பியிருக்கலாம். ஆனால் வரிசை வரிசைதான்.

3

2024 டிசம்பர் 8 அன்று அசத் மாஸ்கோவுக்கு ஓடினார். செட்னாயா சிறையின் கதவுகள் திறந்தன. மறுநாளே ஜெர்மனி, சிரியர்களின் அகதி விண்ணப்பங்கள்மேல் முடிவெடுப்பதை நிறுத்திவைத்தது. வேறு சில ஐரோப்பிய நாடுகளும் அப்படியே. சிரியர்கள் தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோதே 'எப்போ கிளம்புறீங்க' என்று கேட்டுவிட்டார்கள்! ஜெர்மனியின் ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான சிரிய டாக்டர்கள் வேலை பார்க்கிறார்கள் என்பது பிறகுதான் சிலருக்கு ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் அதே அமைப்புகள் இப்போது மனுவைத் திருப்பி எழுதின: தடையை நீக்கு. சீசரே அதைக் கேட்டார். 2025 மே 13 அன்று ரியாத்தில் டிரம்ப் அறிவித்தார். ஜூன் 30-ல் ஆணை வந்தது. ஆனால் சீசர் சட்டத்தை ஆணையால் ஒழிக்க முடியாது, நாடாளுமன்றம்தான் ஒழிக்கவேண்டும். மறுபடியும் மனு, மறுபடியும் வாசல். 2025 டிசம்பரில், எந்த மாதிரி ராணுவச் செலவு மசோதாவுக்குள் அது நுழைந்ததோ அதே மாதிரி இன்னொன்றுக்குள் சொருகப்பட்டு ரத்தாகி வெளியேறியது.

'அன்னைக்குப் போடு, இன்னைக்கு எடு. என்ன கொள்கை இது?' என்று நம்மாளுங்க சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பூட்டைக் கேட்டது கொலைகாரனுக்கு. அவன் ஓடிய பிறகும் பூட்டு தொங்கினால் உள்ளே மாட்டிக்கொள்கிறவர் யார்? தடையை நீக்கச் சொன்னது சரி.

என் சண்டை வேறு இடத்தில். 2025 மார்ச்சில் கடலோர மாவட்டங்களில் சுமார் 1,400 பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஐ.நா. விசாரணைக் குழு எழுதியது. பெரும்பாலும் அலவி சமூகத்தைச் சேர்ந்த சாதாரண ஜனங்கள். அசத் அலவி என்பதால் செருப்பு தைக்கிறவனும் அலவியாகப் பிறந்த குற்றத்துக்குச் செத்தான். கொன்றவர்களில் புது அரசின் படையில் சேர்க்கப்பட்ட குழுக்களும் உண்டு. ஜூலையில் சுவைதாவில் ட்ரூஸ் மக்களும் பெதோயின் மக்களும் மோதினார்கள். அரசுப்படை உள்ளே போன பிறகு கொலை பெருகியது. ஆயிரத்துக்கும் மேல் போனது. புலம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அலவி, ட்ரூஸ், குர்து புலம்பெயர்ந்தோர் தெருவில் இறங்கினார்கள். இன்னொரு பகுதியினர் அடக்கி வாசித்தார்கள். இப்போ பேசினால் தடைநீக்கம் தள்ளிப்போகும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ரொட்டியைப் பணயம் வைத்து மனித உரிமை கேட்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடும். ஆனால் ரொட்டியையும் கேட்டு நியாயத்தையும் கேட்க ஒரே வாய் போதுமே! 'தடையை எடு' என்று வாஷிங்டனிடம் சொன்ன அதே நாளில் 'கொன்றவனைக் கூண்டில் ஏற்று' என்று டமாஸ்கஸிடம் சொல்வதற்கு என்ன தடை? அசத்தின் பிணங்களுக்கு மூன்று எண் இருந்ததால் அவை பிணம். கடலோரத்துப் பிணங்களுக்கு எண் இல்லாததால் அவை 'அசம்பாவிதமா'? 2018-ல் நான் செய்ததும் இதுதான். நம்ம பக்கத்து ஆள் கொன்றால் ஆதாரம் கேட்பது. இந்த வியாதி இடதுசாரிக்கு மட்டும் வருவதில்லை.

4

இப்போது எல்லார் வாயிலும் 'மறுநிர்மாணம்'. 2025 அக்டோபரில் உலக வங்கி ஒரு கணக்குச் சொன்னது: 216 பில்லியன் டாலர். 2024-ல் அந்த நாட்டின் மொத்த உற்பத்தியைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. அலெப்போவும் டமாஸ்கஸின் சுற்றுவட்டாரமும் ஹோம்ஸும்தான் அதிகம் அழிந்தவை.

216 பில்லியன் யார் வீட்டைக் கட்டும்? இதைக் கேட்காமல் மீட்சி பற்றிப் பேசுவது வீண்.

அசத் காலத்துச் சட்டம் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2012-ன் ஆணை 66. டமாஸ்கஸில் பஸாத்தீன் அல் ராஸி என்ற பகுதியில் பட்டா இல்லாமலும் அரைகுறைப் பத்திரத்தோடும் வாழ்ந்தவர்களைக் காலி செய்து, அங்கே 'மரோட்டா சிட்டி' என்று பணக்காரர் குடியிருப்பு கட்டக் கிளம்பினார்கள். 2018-ன் சட்டம் 10 அதை நாடு முழுக்க விரித்தது. உன் பகுதியை அரசு அறிவித்தால் முப்பது நாளுக்குள் வந்து உடைமையை நிரூபி என்றார்கள். ஜோர்டான் கூடாரத்தில் இருக்கிறவன், பெர்லினில் பாத்திரம் கழுவுகிறவன், உளவுத்துறை தேடுகிற பெயருள்ளவன், முப்பது நாளில் வரமுடியுமா? உலகம் கத்தியது. ஒரு வருடமாக நீட்டினார்கள். குண்டுபோட்டு விரட்டியது விமானம். பத்திரம் கேட்டு விரட்டியது குமாஸ்தா. நானும் ஒரு குமாஸ்தா என்பதால் சொல்கிறேன், இரண்டாவது விரட்டலுக்கு ரத்தம் தெரியாது. அதனால் யாரும் படம் பிடிப்பதில்லை.

பத்திரம் யாரிடம் இருக்கும்? டமாஸ்கஸிலும் அலெப்போவிலும் போருக்கு முன்பே ஏராளமானோர் வாழ்ந்தது பதிவில்லாத புறநகர்களில்தான். போராட்டம் வெடித்ததும் பல இடங்களில் அங்கேதான், குண்டு விழுந்ததும் அங்கேதான். பத்திரம் இருந்தாலும் அது பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும். அந்த ஆண் காணாமல் போனவன். சாவுச் சான்றிதழ் இல்லாமல் மனைவி வாரிசு ஆக முடியாது. வீட்டை விற்க முடியாது. குழந்தைகளுக்குச் சட்டப்படி காப்பாளராக நிற்பதே சிக்கல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காணாமல் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் இப்படி ஒரு பூட்டிய வீடு.

அப்புறம், நாட்டின் ஏட்டிலேயே இல்லாதவர்கள். 1962-ல் ஹசகா மாகாணத்தில் ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 1,20,000 குர்துகள் குடியுரிமையை இழந்தார்கள். பேரன் பேத்தி வரை அந்தக் கறை இறங்கியது. 2011-ல் ஒரு பகுதியினருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பின் விளைவை ரத்து செய்யும் ஆணை 2026 ஜனவரியில்தான் வந்தது.

அவர்களுக்கும் கீழே டோம் மக்கள். இந்தப் பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் பேசும் டோமாரி இந்தோ ஆரிய மொழி. ஆயிரம் வருடத்துக்கு முன்போ அதற்கும் முன்போ இந்தியாவிலிருந்து போனவர்கள். வட இந்தியாவின் டோம் சாதிப் பெயரோடு அந்தப் பெயரை மொழியறிஞர்கள் இணைக்கிறார்கள். நம்ம தமிழ்நாட்டு எஸ்.சி. பட்டியலிலும் 'டோம்பன்' இருக்கிறது. அங்கே அவர்கள் மேளம் அடித்தார்கள், இரும்பு அடித்தார்கள், ஊர் ஊராகப் போய்ப் பல் கட்டினார்கள், அறுவடைக்குக் கூலி போனார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைக் கூப்பிடுவது 'நவர்' என்ற வசைச் சொல்லால். போரில் ஓடித் துருக்கியில் கூடாரம் போட்டபோது, துருக்கியர் அவர்களைச் சிரியர் என்று விரட்டினார்கள். சிரியர்கள் அவர்களை நவர் என்று ஒதுக்கினார்கள். அகதியிலும் ஊர், சேரி! பலரிடம் அடையாள அட்டையே இல்லை. பட்டாவுக்கு எங்கே போவது?

அந்தச் சமூக ஒழுங்கும் இங்குள்ள சாதியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. புலம்பெயர்ந்த அமைப்புகளின் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். டாக்டர்கள், எஞ்சினியர்கள், வியாபாரிகள், 1982 ஹமா படுகொலைக்குப் பின் நாடுகடந்த குடும்பத்துப் பிள்ளைகள். நல்லவர்கள். 1998-ல் தொடங்கிய சிரிய அமெரிக்க மருத்துவச் சங்கம் குண்டுமழைக்கு நடுவே ஆஸ்பத்திரி நடத்தியது. அதற்குக் கும்பிடுதான் போடவேண்டும். ஆனால் டாக்டர் கேட்கிற சிரியாவில் டாக்டர் வீடு முதலில் எழும்பும். பல் கட்டுகிற டோம் ஆளின் கூடாரத்துக்கு அந்த வரைபடத்தில் இடம் உண்டா? பிரதிநிதி இல்லாத மேசையில் தன் பெயர் தானாக வராது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

5

அப்படியானால் வெளியிலிருந்து குரல் கொடுப்பதே வீணா? இல்லை. வேறு மாதிரிக் குரல் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி நம்ம பத்திரிகைகள் ஒரு வரி எழுதவில்லை.

2017-ல் காணாமல் போனவர்களின் தாய், மனைவி, மகள்கள் 'விடுதலைக்கான குடும்பங்கள்' என்று ஒன்றுசேர்ந்தார்கள். லண்டன் சிவப்பு பஸ்ஸில் போட்டோக்களை ஒட்டி ஊர்வலம் போனார்கள். வஃபா முஸ்தஃபா என்ற இளம்பெண்ணின் அப்பாவை 2013-ல் பிடித்துப்போனார்கள். அவர் 2020-ல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்ற வாசலில் காணாமல் போனவர்களின் படங்களைப் பரப்பி நடுவில் உட்கார்ந்தார். உள்ளே விசாரிக்கப்பட்டவர் அசத்தின் உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லான். அவரைப் பெர்லினில் அடையாளம் கண்டவர், ஒருகாலத்தில் அவரால் கைதான வழக்கறிஞர் அன்வர் அல் பன்னி, அவரும் அகதி. 2022 ஜனவரி 13 அன்று ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூன் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, சிரியாவில் காணாமல் போனவர்களுக்காகத் தனி அமைப்பை உருவாக்கியது. அதைக் கேட்டுக் கேட்டு வாங்கியது இந்தக் குடும்பங்கள்தான்.

இவர்கள் யாருக்கும் நாற்காலி கேட்கவில்லை. யாருடைய நாற்காலியாக இருந்தாலும் பொருந்துகிற கேள்வியைக் கேட்டார்கள்: என் ஆள் எங்கே? அசத் பிடித்தவனுக்கும் கேட்டார்கள், ஐ.எஸ். பிடித்தவனுக்கும் கேட்டார்கள். ஆட்சி மாறினாலும் திருத்தி எழுதத் தேவையில்லாத மனு அது. செட்னாயா திறந்த நாளில் சனங்கள் உள்ளே புகுந்து, சிதறிக்கிடந்த ஏடுகளில் பெயர் தேடினார்கள். பல ஏடுகள் மிதிபட்டுக் கிழிந்தன. ஏட்டைப் பத்திரப்படுத்து என்று பல வருடமாகக் கத்திக்கொண்டிருந்தவர்களும் இந்தப் பெண்கள்தான்.

புலம்பெயர்ந்தோர் இனி உலக வங்கியிடமும் வளைகுடா முதலாளிகளிடமும் பேசப்போகிறார்கள். பேசட்டும். சட்டம் 10-ஐயும் அதன் வழியில் நடந்த பறிப்பையும் திருப்பாத இடத்தில் ஒரு செங்கல்லும் வைக்காதே என்று பேசட்டும். பத்திரம் இல்லாதவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சாட்சி போதும் என்று பேசட்டும். காணாமல் போனவன் மனைவிக்கு அவள் பெயரிலேயே வீடு என்று பேசட்டும். கூடாரக்காரனையும் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசட்டும். அப்போது அதை லாபி என்று நானும் திட்டமாட்டேன்.

தம்பி, உனக்கு ஒன்று. 2018-ல் நான் சொன்னது தப்பு. தெரியாமல் சொன்னதல்ல, தெரிந்துகொள்ளாமல் சொன்னது. அன்றைக்கு அதை நோட்டில் குறித்துவைத்திருந்தால் அடித்துவிடு. கிழித்துப் போடாதே. எங்கள் பேங்கில் தப்பான பதிவை அழிக்கக் கூடாது. கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒரே கோடாக அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நோட்டைக் கொண்டுவா. கையெழுத்து நான் போடுகிறேன்.